கணபதி என்று இங்கே யாரும் இல்லை

கர்த்தர் துணை

பதுளை பசார், ஜௌபர் நானா கடை
22 நவம்பர் 1923

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை மார்த்தாள் எழுதிக்கொண்டது. நானும் என் வீட்டுக்காரரும் பத்திரமாகப் பதுளை வந்து சேர்ந்தோம். பூனாகலையில் நீங்களும் அண்ணியும், உங்களிடம் விட்டுவந்த என் மகள் ராகேலும் சுகமா என்று அறிய ஆசை.

இந்தக் கடிதத்தை யார் எழுதிக் கொடுத்தது என்று யோசிக்க வேண்டாம். நானேதான். இரண்டு வருஷமாக ஜெபவீட்டு ஞாயிறு வகுப்பில் மணலில் எழுதிப் பழகினேன். கடுதாசியில் எழுதுவது இதுதான் முதல் தடவை. கோழி கிண்டின மாதிரி இருந்தால் சிரித்துவிட்டு மேலே படியுங்கள். எனக்கு இருக்கிற சந்தோஷத்தில் எழுத்து வரிக்குள் நிற்கவில்லை.

வழியெல்லாம் மழை. தோட்டத்துத் துரை ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்த துண்டு மடியிலேயே நனைந்து, மை முழுக்கக் கரைந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் விவரமெல்லாம் நானே வாயால் சொல்லிப் பதிந்தேன். டாக்டர் ஐயா புண்ணைக் கட்டவிழ்த்துப் பார்த்தார். தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி பட்ட காயத்தை ஒரு மாதம் மஞ்சளும் வேப்பிலையும் வைத்துக் கட்டியதற்கு நன்றாக ஏசினார். "கொஞ்ச நாள் மருந்து போட்டுப் பாப்பம். விஷம் முழங்காலுக்கு மேல ஏறினா கால எடுக்க வேண்டியதுதான்" என்றார்.

அண்ணே, அதைக் கேட்டபோது எனக்கு உயிரே போய்விட்டது. ஒற்றைக் காலோடு ஒருத்தன் எப்படிக் கவ்வாத்து வெட்டுவான்? காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் பேர் இல்லாதவனுக்கு லயத்தில் குடியிருக்கக் காம்பராவும் இல்லை. நாங்கள் மூன்று பேரும் எங்கே போவோம்? வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு ஜெபம் செய்தேன். பிறகு எங்கிருந்து வந்ததோ, மனதில் ஒரு தைரியம். என்னைச் சிரிக்க வைக்கிற அளவுக்குத் தைரியம். அதைத்தான் முதலில் உங்களுக்கு எழுத நினைத்தேன்.

நீங்கள் சொன்னபடி ஜௌபர் நானா வீட்டில்தான் இருக்கிறேன். சம்பள நாளில் தோட்டத்துக்குத் துணி கொண்டுவரும்போது இருக்கிற அதே கனிவு. அவர் மனைவி ஹம்ஸியா ராத்தாவுக்கு மிளகாய் இடித்துக் கொடுக்கிறேன்.

என் வீட்டுக்காரர் கேட்கச் சொன்னது ஒன்றே ஒன்று. ஞாயிற்றுக்கிழமை ஜெபவீட்டு மணியை யார் அடிப்பார்கள்? வண்டி ரோட்டிலிருந்து அந்த மணியைத் தன் முதுகில் சுமந்து மலை ஏறினவர் அவர். கால் வலியைவிட அதுதான் அவருக்குப் பெரிய கவலையாக இருக்கிறது.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
மார்த்தாள்

*

கதிர்காமக் கந்தன் துணை

பூனாகலைத் தோட்டம்
2 டிசம்பர் 1923

தங்கச்சி கருப்பம்மாவுக்கு அண்ணன் கந்தப்பன் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறாள். என் பங்கையும் சேர்த்துத்தான்.

உன் கையெழுத்தைப் பார்த்தேன். கோழியைக் குறை சொல்லாதே, அது இன்னும் நேராகக் கிண்டும். ஆனாலும் உன் அண்ணி கடிதத்தை எடுத்துக்கொண்டு லயம் முழுக்கக் காட்டிவிட்டு வந்தாள்.

ஒன்று கேட்கிறேன். புருஷன் கால் போகுமா நிற்குமா என்று கிடக்கிறான். உனக்கு எதற்குச் சந்தோஷம்? சிரிப்பு வந்ததாம். பைத்தியக்காரி என்று ஆஸ்பத்திரியில் உன்னையும் ஒரு கட்டிலில் போட்டுவிடப் போகிறார்கள்.

மார்த்தாள் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாய். அம்மா வைத்த பேர் கருப்பம்மா. எனக்கு அதுதான். மாப்பிள்ளைக்கு உங்கள் ஆட்கள் வைத்த பேரையும் நான் இதுவரை ஒரு தடவைகூட என் வாயால் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன்.

உனக்கு அவ்வளவு நம்பிக்கை என்றால் ஒரு பந்தயம் வைப்போம். மாப்பிள்ளை இரண்டு காலோடு திரும்பி வந்தால், நான் உங்கள் ஜெபவீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முன் பாயில் வந்து உட்காருகிறேன். கால் போனால், நீ வேதப்புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நம் மாரியம்மனுக்கு மாவிளக்கு எடுக்க வேண்டும். சம்மதமா?

மணி விஷயம் எனக்குத் தெரியாது. அது உங்கள் மணி, நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
கந்தப்பன்

*

கர்த்தர் துணை

பதுளை
10 டிசம்பர் 1923

அன்புள்ள அண்ணனுக்கு, கடிதம் கிடைத்தது. எல்லாரும் சுகம் என்றறிந்து சந்தோஷம். என் மகள் உங்கள் பங்கைச் சாப்பிட்டால் சாப்பிடட்டும், உங்களுக்குத் தொப்பை குறையும்.

பந்தயத்துக்குச் சம்மதம். நூறு தடவை சம்மதம். முன் பாயை இப்போதே தட்டிப் போடச் சொல்லுங்கள். கர்த்தரிடமும் சொல்லிவிட்டேன்: "எங்க அண்ணன் வர்றேன்னு சொல்லிட்டாங்க, கால நீங்க பாத்துக்கங்க." இனி அது அவர் பொறுப்பு.

வார்டில் என்னை எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. பக்கத்துக் கட்டிலில் ஒரு சிங்களப் பெரியவர். தமிழில் ஒரு சொல் தெரியாது. நான் என் வீட்டுக்காரர் பக்கத்தில் மெதுவாகக் கீர்த்தனை பாடினால் அந்தப் பெரியவர் கையைக் காட்டிச் சத்தமாகப் பாடச் சொல்கிறார். நேற்று முடிந்ததும் இன்னொன்று கேட்டார். ஹம்ஸியா ராத்தா சாயங்காலம் கஞ்சி கொண்டுவந்தபோது பார்த்துவிட்டு, "ஒங்கட சிரிப்பப் பாத்தா புருஷன் நோய்ல கெடக்கிறார்னு ஆரும் நம்ப மாட்டாங்க, கல்யாண ஊடு மாதிரி இருக்கு" என்றார்.

காய்ச்சல் மட்டும் விடவில்லை. வீக்கம் முழங்கால் வரை வந்திருக்கிறது. டாக்டர் ஐயா இரண்டு வேளையும் வந்து பார்க்கிறார். நான் பயப்படவில்லை. பயப்படக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

காய்ச்சலிலும் அவர் மணியைத்தான் கேட்கிறார். "கிறிஸ்மஸ் வருதே புள்ள, மணி அடிக்காம கெடந்தா நல்லாவா இருக்கும்?" என்கிறார். யாரிடமாவது சொல்லுங்கள் அண்ணே.

மார்த்தாள்

*

கந்தன் துணை

பூனாகலை
23 டிசம்பர் 1923

தங்கச்சி கருப்பம்மாவுக்கு, இங்கே சுகம். அங்கே எப்படி என்று உடனே எழுது. முழங்கால் என்று எழுதியிருந்தாய், அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

மணியைப் பற்றி மாப்பிள்ளை கவலைப்பட வேண்டாம். போன மூன்று ஞாயிறும் அடித்தது. யார் என்று கேட்காதே. யாரோ அடிக்கிறார்கள். கிறிஸ்மஸுக்கும் அடிக்கும் என்றுதான் நினைக்கிறேன். பலா மரத்தில் கட்டின அந்தக் கயிறு இவ்வளவு சொரசொரப்பாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

எனக்கு உள்ளங்கை இரண்டும் உரிந்துபோய்விட்டது. அண்ணி தேங்காய் எண்ணெய் போடுகிறாள். தேயிலை ஸ்டோரில் இப்போது வேலை அதிகம்.

பிள்ளைக்கு ஒரு பாவாடைத் துணி வேண்டும். ஜௌபர் நானா அடுத்த சம்பளத்துக்கு வரும்போது கொடுத்தனுப்பச் சொல்.

கந்தப்பன்

*

கர்த்தர் துணை

பதுளை
6 ஜனவரி 1924

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும், என் செல்ல மகளுக்கும் புது வருஷ வாழ்த்து. நாங்கள் இருவரும் சுகம். உங்கள் சுகத்துக்கு எழுதவும்.

எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. எழுத எழுதச் செய்தி பொங்குகிறது. அவருக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. கிறிஸ்மஸ் அன்று காலையில் கண்ணைத் திறந்து, "பசிக்குது" என்றார். ஒரு மாதமாக நான் கேட்கக் காத்திருந்த சொல். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஓடிப்போய் ஹம்ஸியா ராத்தாவிடம் சொன்னேன். அவர் வீட்டில் வைத்திருந்த கோழியை ஜௌபர் நானா அப்போதே அறுத்தார். "இது எங்கட பெருநாள் இல்ல, ஆனா பசிக்கு ஏது பெருநாள்" என்று சொல்லி ரசம் வைத்துக் கொடுத்தார் ராத்தா. இவர் முழுக் கிண்ணத்தையும் குடித்தார்.

அன்றைக்குப் பதுளைக் கோயில் ஆராதனையில் பாடப் போனேன். அவ்வளவு பெரிய கோயிலை நான் பார்த்ததில்லை. நான் பாடினது எனக்கே கேட்கவில்லை, அவ்வளவு சனம்.

இப்போது தினமும் பாண் ரொட்டி தின்கிறார். கன்னத்தில் சதை வைத்திருக்கிறது. சிங்களப் பெரியவருக்கு ஒரு கீர்த்தனையை இவரே சொல்லிக் கொடுக்கிறார். பாவம், அவர் நாக்கு படுகிற பாடு.

உங்கள் உள்ளங்கை ஆறிவிட்டதா? தேயிலை உருட்டுகிறது மெஷின்தானே அண்ணே, அதில் எப்படிக் கை உரிந்தது? சும்மா கேட்டேன்.

மார்த்தாள்

*

கந்தன் துணை

பூனாகலை
20 ஜனவரி 1924

தங்கச்சி கருப்பம்மாவுக்கு, இங்கே சுகம்.

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். காய்ச்சல், கோழி, கன்னம், கோயில், பெரியவர் நாக்கு எல்லாம் இருக்கிறது. கால் எங்கே?

கால் எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுது. வேறு ஒன்றும் வேண்டாம்.

கந்தப்பன்

*

கர்த்தர் துணை

பதுளை
3 பெப்ரவரி 1924

அன்புள்ள அண்ணனுக்கு, சுகம். உங்கள் கடிதம் கண்டேன்.

அவர் நாளுக்கு நாள் தேறி வருகிறார். டாக்டர் ஐயாவே "இந்த ஆளு பொழச்சது பெரிய விஷயம்" என்றார். இன்னும் சில வாரம் வைத்திருந்துதான் அனுப்புவார்களாம்.

இங்கே ஒரே பேச்சு ரயிலைப் பற்றித்தான். தண்டவாளம் பதுளை வரைக்கும் வந்துவிட்டது. சித்திரைக்குள் வண்டி ஓடும் என்கிறார்கள். கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் தாங்களே பாதை போட்ட மாதிரி பேசுகிறார்கள். நாங்கள் திரும்பும்போது ரயிலில்தான் வருவோம், பாருங்கள். ராகேலிடம் சொல்லுங்கள், அவள் அப்பா புகை விடுகிற வண்டியில் வருவார் என்று.

எங்களுக்காகக் கவலைப்பட வேண்டாம். என் மனதில் பயம் இல்லை, அது சத்தியம்.

மார்த்தாள்

*

பூனாகலை
2 மார்ச் 1924

கருப்பம்மா,

என்னிடம் ஏன் மறைத்தாய்?

வெள்ளிக்கிழமை நான் பதுளை வந்தேன். ஸ்டோர் மெஷினுக்குப் பெல்ட் வாங்க டிரைவரோடு என்னை அனுப்பினார்கள். ஒரு மணி நேரம்தான் இருந்தது. நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். மாப்பிள்ளையின் பேரைச் சொல்லி, பூனாகலைக் கணபதியைப் பார்க்க வேண்டும் என்றேன். வாசலில் இருந்தவர் புத்தகத்தை விரல் வைத்துப் பார்த்தார். "கணபதின்னு இங்க யாரும் இல்ல" என்றார். நவம்பரில் வந்த ஆள், கால் புண் என்றேன். திரும்பவும் பார்த்தார். "இல்லண்ணே. வேற பேரு ஏதும் இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப செத்தவங்க புத்தகத்தையும் பாக்கட்டா?" என்றார்.

அதை அவர் திறக்கும் முன்னால் வெளியே வந்துவிட்டேன். ஜௌபர் நானா கடைக்கு வந்தேன். வெள்ளிக்கிழமை மதியம், எல்லாரும் தொழுகைக்குப் பள்ளிக்குப் போய், கடை பூட்டிக் கிடந்தது. கொஞ்சம் காத்திருந்தால் வந்திருப்பார்கள். அது எனக்குத் தெரியும். ஆனால் வந்து என்ன சொல்வார்களோ என்று பயந்து ஓடி வந்துவிட்டேன். உன் அண்ணன் வீரன் என்று இனி யாரிடமும் சொல்லாதே.

வழியெல்லாம் கணக்குப் பார்த்தேன். இரண்டு கடிதத்தில் காலைப் பற்றி ஒரு சொல் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது போல மறைத்திருக்கிறாய். மாப்பிள்ளை போய்விட்டார். பந்தயத்தில் தோற்றுவிட்டோம் என்று நான் ஏளனம் செய்வேனோ என்று, எனக்குச் சொல்லாமல் அங்கே தனியாகக் கிடந்து அழுகிறாய். நான் வைத்த பந்தயம் நாசமாய்ப் போக.

இனி மறைக்க எனக்கும் ஒன்றும் இல்லை. மணியை நான்தான் அடிக்கிறேன். முதல் ஞாயிறு உன் மகள் மரத்தடியில் போய் நின்றுகொண்டு, "அப்பா இல்லன்னா மணி பேசாது மாமா" என்று அழுதாள். அவள் அழுகையை நிறுத்தத்தான் இழுத்தேன். அடுத்த ஞாயிறு அவள் கேட்கவில்லை, நானாகப் போனேன். மணி அடித்துக்கொண்டிருக்கும் வரை மாப்பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று எனக்குள் ஒரு எண்ணம். உன்னைப் பைத்தியம் என்றேன், நான் அதைவிடப் பெரிய பைத்தியம்.

இன்று காலையும் போனேன். கயிற்றைப் பிடித்தேன், கை வரவில்லை. செத்தவருக்கு உங்கள் ஆட்கள் மணியை வேறு மாதிரி அடிப்பார்களாமே. அது எப்படி என்று எனக்குத் தெரியாது. கேட்டால் பிள்ளைக்குத் தெரிந்துவிடும். அதனால் எப்போதும் போல அடித்துவிட்டு வந்தேன். அவளுக்கு இன்னும் சொல்லவில்லை.

எப்போது, எங்கே அடக்கம் செய்தாய்? எழுது. நான் வந்து உன்னைக் கூட்டி வருகிறேன்.

கந்தப்பன்

*

பதுளை
5 மார்ச் 1924

அண்ணே, அண்ணே, அவர் இருக்கிறார். உயிரோடு, என் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டு இருக்கிறார். முதலில் இதை அண்ணியிடம் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். பிறகு மற்றதைப் படியுங்கள்.

கால் போய்விட்டது. டிசம்பர் பத்தொன்பதாம் தேதி முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள்.

ஆஸ்பத்திரிப் புத்தகத்தில் கணபதி இல்லாதது என்னால் வந்த வினை. துண்டு நனைந்துவிட்டதால் ஆள் பேர் என்ன என்று என்னைக் கேட்டார்கள். புருஷன் பேரை நான் என்றைக்கு வாயால் சொன்னேன்? அந்தப் பேர் தொண்டையிலேயே நின்றுவிட்டது. ஞானஸ்நானப் பேரை மட்டும் அன்றைக்குச் சபை முன்னால் என்னைச் சொல்ல வைத்தார்கள், அதனால் அது வாயில் வந்தது. "தீமோத்தேயு" என்றேன். அப்படியே எழுதிக்கொண்டார்கள். வாசலில் இருந்தவர் மேல் குற்றம் இல்லை. நீங்கள் வந்து நின்ற வாசலுக்கும் அவர் கட்டிலுக்கும் இருபது அடி இருக்காது. 

இனி மறைத்த கதை. நான் வீறாப்பாகப் பந்தயத்துக்குச் சம்மதம் எழுதினேன் அல்லவா, அன்றிலிருந்து என் ஜெபமே மாறிவிட்டது. பசாரில் மீன் பேரம் பேசுகிற மாதிரி கர்த்தரிடம் பேசினேன். கால் வேண்டும், கால் வேண்டும், அண்ணன் முன்னால் என்னை வெட்கப்படுத்தாதீர்கள் என்று. முதல் நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோது கிடைத்த அந்தத் தைரியம் எங்கோ போய்விட்டது. வாயால் சிரித்தேன், உள்ளே கல்லைக் கட்டின மாதிரி கிடந்தேன்.

பத்தொன்பதாம் தேதி காலையில் அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் கட்டிலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று நின்றேன். அந்தக் காய்ச்சலில் அவர் என்ன சொன்னார் தெரியுமா? "கால்தானே புள்ள போவுது, நானா போறேன்? கைய எடு." அவ்வளவுதான். என் கை தானாக விட்டது. கட்டிலை மட்டும் அல்ல அண்ணே, பேரத்தையும் விட்டேன். வெளியே உட்கார்ந்து, "உங்க இஷ்டம்" என்று சொன்னேன். அதைச் சொன்னதும் அந்த முதல் நாள் தைரியம் திரும்ப வந்தது, இரண்டு மடங்காக. கதவு திறக்கும் முன்னாலேயே வந்துவிட்டது. அவர் பிழைப்பாரா என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரியாமலே சந்தோஷமாக இருந்தேன். நான் கேட்டது கால். கர்த்தர் எனக்கு ஆளையே விட்டு வைத்தார்.

அதனால் நான் எழுதின சந்தோஷத்தில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. எழுதாமல் விட்டதில்தான் பொய் இருந்தது. கால் போனது தெரிந்தால், "உன் கர்த்தர் தோற்றுவிட்டார்" என்று நீங்கள் எழுதுவீர்கள் என்று பயந்தேன். கர்த்தர் மேல் நம்பிக்கை வைத்தவள் சொந்த அண்ணன் மேல் வைக்கவில்லை. மன்னியுங்கள். மாவிளக்கு எடுக்க மட்டும் என்னால் முடியாது. பந்தயத்தில் தோற்றவள் வாக்குத் தவறினாள் என்று சொல்லிக்கொள்ளுங்கள், அந்தப் பேரை ஏற்கிறேன்.

மணி சங்கதியை அவருக்குப் படித்துக் காட்டினேன். "யாரு? கந்தப்பன் மச்சானா?" என்று மூன்று தடவை கேட்டார். திரும்பவும் படிக்கச் சொன்னார். சிரித்தார், பிறகு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். சுவரைப் பார்த்தபடியே, "கயித்த இழுத்ததும் ஒடனே விடக் கூடாதுன்னு எழுது. ரெண்டு எண்ணிட்டு விடணும். அதான் கை உரிஞ்சிருக்கு. செத்தவனுக்கு அடிக்கிற மணிய நானே வந்து சொல்லித் தர்றேன், இப்ப அவசரம் இல்லன்னு எழுது" என்றார்.

அழுதுகொண்டே சிரித்துக்கொண்டே எழுதும்,
மார்த்தாள்

*

கந்தன் துணை

பூனாகலை
16 மார்ச் 1924

தங்கச்சி கருப்பம்மாவுக்கு,

உன் கடிதத்தைத் தபால்காரன் கொடுத்தபோது பிரிக்கப் பயந்து ஸ்டோர் பின்னால் அரை மணி நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பிரித்தபிறகு எப்படி லயத்துக்கு வந்தேன் என்று தெரியாது. அண்ணியிடம் படிக்கச் சொன்னாயே, நான் கடிதத்தைப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டேன். உன் மகள்தான் எழுத்துக்கூட்டி வாசித்தாள். "அவர் இருக்கிறார்" என்பதை மட்டும் பத்துத் தடவை வாசித்தாள். கால் போனதைக் கேட்டு, "அப்ப இனி அப்பாவுக்கு ஒரு கால்லதான் முள்ளுக் குத்தும்" என்றாள். உன் பிள்ளை உன்னைப் போலத்தான் இருக்கிறாள்.

உன்னை ஏச நிறைய வைத்திருந்தேன். ஏச முடியவில்லை, ஏனென்றால் என் மேலும் ஒரு குற்றம் இருக்கிறது. வாசலில் இருந்தவர் வேறு பேர் இருக்கா என்று கேட்டார். இருந்தது. எனக்குத் தெரியும். இரண்டு வருஷம் சொல்ல மாட்டேன், சொல்ல மாட்டேன் என்று வைராக்கியம் பிடித்ததில், சொல்ல வேண்டிய நேரத்தில் அது எனக்கு நினைவுக்கே வரவில்லை. உனக்கு ஒரு பேர் வாயில் வரவில்லை, எனக்கு ஒரு பேர் வரவில்லை. நம் இருவர் நாக்குக்கும் நடுவில் அந்த மனிதனைச் சாகடித்துவிட்டோம்.

மாவிளக்கு வேண்டாம். நான் கேட்கவும் மாட்டேன். ஒருத்தி புருஷன் காலை வைத்துப் பந்தயம் கட்டினவனுக்கு அம்மனே வெளக்குமாற்றால் கொடுப்பாள்.

இனி காரியத்தைக் கேள். பெரிய கணக்கப்பிள்ளை ஐயாவிடம் பேசினேன். தேயிலைப் பெட்டிக்கு ஆணி அடிக்கிற வேலை, உட்கார்ந்துகொண்டே செய்யலாம். துரையிடம் சொல்லிச் சம்மதம் வாங்கிவிட்டார். மாப்பிள்ளை பேர் பெரட்டில் இருக்கும். காம்பரா உங்களுக்குத்தான். அண்ணி சாணி போட்டு மெழுகி வைத்திருக்கிறாள்.

ரெண்டு எண்ணிவிட்டுக் கயிற்றை விட்டுப் பார்த்தேன். சத்தம் கீழ் ரோடு வரைக்கும் போகிறது. இவ்வளவு நாள் ஒருத்தனும் எனக்கு அதைச் சொல்லவில்லை.

கந்தப்பன்

*

கர்த்தர் துணை

பதுளை
9 ஏப்ரல் 1924

அன்புள்ள அண்ணனுக்கு, இருவரும் மிகவும் சுகம்.

காம்பரா செய்தியைப் படித்ததும் ஹம்ஸியா ராத்தாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன், அவர் கையில் இருந்த மாவுச் சட்டி விழுந்தது. என்னை ஏசவில்லை. "விழட்டும், நல்ல செய்திக்குத்தானே" என்றார்.

ரயில் வந்துவிட்டது. கண்ணால் பார்த்தேன். பதுளையே ஸ்டேஷனில் நின்றது. அவரைக் கக்கத்துக் கோல் ஊன்றி நடக்க வைத்துக் கூட்டிப் போனேன். கூட்டத்தில் ஒருத்தர் தள்ளிவிடப் போனபோது ஜௌபர் நானா இரண்டு கையையும் விரித்து, "கால் இல்லாத மனிசன், வழி விடுங்க" என்றார். அதற்கு இவர், "ஒண்ணு இருக்கு நானா" என்றார். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

பத்தொன்பதாம் தேதி சனிக்கிழமை வண்டிக்கு வருகிறோம். மறுநாள் ஈஸ்டர். காலையில் மணியடிக்க வேண்டும் என்று இப்போதே கையைத் தேய்த்துக்கொண்டு இருக்கிறார். ஒற்றைக் காலில் நின்று கயிறு இழுத்தால் விழுந்துவிடுவார் என்று எனக்குப் பயம். உங்களிடம் கேட்கச் சொல்லித் தலையைச் சொறிகிறார்: நீங்கள் பின்னால் நின்று இடுப்பைப் பிடித்துக்கொள்வீர்களா? மணி அடித்து முடிந்ததும் நீங்கள் போய்விடலாம். முன் பாயில் இடம் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன், பந்தயத்துக்காக இல்லை.

சிங்களப் பெரியவர் நேற்று வீட்டுக்குப் போனார். வாசல் வரைக்கும் எங்கள் கீர்த்தனையைப் பாடிக்கொண்டே போனார். ஒரு சொல்லும் சரியில்லை. ராகம் சுத்தமாக இருந்தது.

மார்த்தாள்

*

கந்தன் துணை

பூனாகலை
14 ஏப்ரல் 1924

தங்கச்சி மார்த்தாளுக்கு,

மேலே ஒரு பேரை எழுதி அடித்திருப்பது உனக்குத் தெரியும். பழக்கம் போக நாள் எடுக்கும். இங்கே எல்லாரும் சுகம்.

இடுப்பைப் பிடித்துக்கொள்கிறேன். அதற்குப் பிறகு என்ன என்று அன்றைக்குப் பார்ப்போம். அண்ணி என் வேட்டியை வெளுத்து வைத்திருக்கிறாள், நான் சொல்லவில்லை.

சனிக்கிழமை பண்டாரவளை ஸ்டேஷனில் நானும் உன் மகளும் நிற்போம். மாட்டு வண்டி பேசிவிட்டேன், வைக்கோல் போட்டு மெத்தை மாதிரி செய்து வைப்பேன். பதுளையிலிருந்து வருகிற புது ரயிலைப் பார்க்க ஊரே வந்து நிற்கும். அந்தக் கூட்டத்தில் நீங்கள் எந்தப் பெட்டியில் இருந்து இறங்குகிறீர்கள் என்று எனக்குத் தெரியாமல் போகலாம். அதனால் கூப்பிடுவேன்.

ஆஸ்பத்திரி வாசலில் வராத பேரை, ஸ்டோரில் மெஷின் ஓடுகிற சத்தத்தில், யாருக்கும் கேட்காமல் தினமும் சொல்லிப் பழகுகிறேன். நடுவில் இன்னும் நாக்குத் தட்டுகிறது. எப்படி வந்தாலும் மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்க்கச் சொல். தீமோத்தேயு என்று கூப்பிடுவது நான்தான்.

கந்தப்பன்